சினை நிக்கலைன்னா மாடுதான் குத்தமா?

எங்க செவலைக்கு மூணு தடவை சினை ஊசி போட்டும் நிக்கலை. “மாட்டுல கோளாறு, வித்துடுங்க”ன்னார் ஊசி போட வந்தவர்.

உறைவிந்து திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரி குளிரில் இருக்கணும். வெளியே எடுத்த குச்சியை 37 டிகிரி வெதுவெதுப்பான தண்ணியில் அரை நிமிஷம் வச்சு, ஆறவிடாமப் போடணும். இவரோ வெயிலில் குச்சியைக் கையில் பிடிச்சுக்கிட்டு போன் பேசினார். செத்த விந்துக்கு மாடு என்னங்க பண்ணும்?

ஒரு பருவம் தவறினா 21 நாள் தீனி எனக்கு நட்டம். ‘மலட்டு மாடு’ன்னு அடிமாடாப் போறதுல எத்தனை இப்படிக் கெட்ட குச்சியால போகுதோ! நகரத்து நண்பர்களே, செவலையை நான் விக்கப் போறதில்லை. அடுத்த ஊசிக்கு தெர்மாமீட்டரோட நிப்பேன்.