இரண்டாம் கொதி

போன வருடம் பெங்களூரில் ஒரு தேநீர் வகுப்புக்குப் போனேன். இரண்டு மணி நேரத்துக்கு 1,500 ரூபாய். சொல்லித்தந்தவர் மூடிபோட்ட சின்னப் பீங்கான் கிண்ணத்தில் 6 கிராம் ஊலாங் இலையைப் போட்டு, வெந்நீர் ஊற்றி, 20 விநாடியில் வடித்தார். அதே இலையில் மறுபடி. மறுபடி. ஆறாவது ஊற்றை நீட்டும்போது சொன்னார்: “இதுதான் எளிமை. நாம ஒரே தடவை கொதிக்கவெச்சுட்டு இலையத் தூக்கிப் போட்டுடறோம்.” எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். ஆட்டியிருக்கக் கூடாது.

எங்கள் வீட்டில் யாரும் தூக்கிப் போட்டதில்லை. காலையில் அப்பாவுக்கும் எனக்கும் தங்கைக்கும் டீ ஊற்றிய பிறகு, வடிகட்டியில் நின்ற சக்கையை அம்மா திரும்பப் பாத்திரத்தில் தட்டுவாள். கொஞ்சம் தண்ணீர், மிச்சமிருந்த பால், ஒரு கொதி. அது அவளுக்கு. கல்லூரி நண்பன் வந்திருந்த ஒருநாள் அவன் கண்முன்னாலேயே அதைச் செய்தாள். “ஏம்மா இப்படி மானத்த வாங்குற?” என்று அடுப்படிக்குப் போய்ப் பல்லைக் கடித்தேன்.

இப்போது வசதியான ஒரு முடிவு கையருகே இருக்கிறது. “பார்த்தீங்களா, சீனாக்காரன் செய்றத நம்ம அம்மாக்கள் எப்பவோ செஞ்சுட்டாங்க!” ஃபேஸ்புக்கில் எழுதினால் லைக் அள்ளும். ஆனால் அது பொய்.

சாவ்சோ பகுதிக்காரர்கள் பேர்போன கோங்ஃபூ முறையில், இலை முழுதாகச் சுருண்டிருக்கும். ஒவ்வொரு ஊற்றிலும் கொஞ்சம் விரியும், கொஞ்சம் கொடுக்கும். முதல் ஊற்றை இலை கழுவிய தண்ணீர் என்று கீழே கொட்டுகிறவர்களும் உண்டு. ருசி இரண்டிலும் மூன்றிலும்தான். நம் வீட்டு டப்பாவில் இருப்பதோ சிடிசி தூள். 1930களில் அஸ்ஸாமில் வந்த இயந்திரத்தின் வழி, இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிச் செய்வது. நீலகிரித் தேயிலையிலும் பெரும்பங்கு இதுதான். நிறமும் கடுப்பும் முதல் கொதியிலேயே இறங்கிவிடும். அதுதான் அதன் பலம். இரண்டாம் கொதியில் மிஞ்சுவது வெளிறிய, லேசாகத் துவர்க்கும் தண்ணீர். அம்மாவுக்கு இது நன்றாகவே தெரியும். அவள் எந்தக் கலையையும் பயிலவில்லை.

அந்த ‘எளிமை’யையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம், தொழில்புத்தி. கிண்ணத்தின் கொள்ளளவு 100 மில்லி. 6 கிராமுக்கு ஆறு ஊற்று என்றால் 600 மில்லி. நம் வீட்டில் பாலும் தண்ணீருமாக 200 மில்லி டம்ளருக்கு 2 கிராம் தூள். இரண்டும் ஒரே விகிதம்! ஆறு தடவை ஊற்றுகிறவர் ஒரு கிராமைக்கூட மிச்சம் பிடிக்கவில்லை. ஒரே டீயை ஆறு பங்காக்கி நிதானமாகக் குடிக்கிறார், அவ்வளவுதான். இந்தக் கணக்கில் நிஜமாக மிச்சம் பிடித்த ஒரே ஆள் அம்மா. அதுவும் தன் பங்கிலிருந்து.

ஊலாங்கை நான் குறை சொல்லவில்லை. அதன் மூன்றாவது ஊற்று அபாரமானது. மறுநாளே கிண்ணம் வாங்கினேன், இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் இலை விரிவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன். அது சுகம். சுகம் என்றே சொல்லிக்கொள்வோம். அதற்கு எளிமை, மினிமலிசம், ஜீரோ வேஸ்ட் என்றெல்லாம் பெயர் வைக்கும்போதுதான் எரிகிறது. ஆறாவது ஊற்று பிடிக்காவிட்டால் கொட்டிவிட்டுப் புது இலை போட எனக்கு வழியிருக்கிறது. அம்மாவிடமும் தூள் டப்பா இருந்தது. ஆனால் மூன்று பேருக்குத் தூள் போட்டால் போதும் என்று அந்த வீடு அவளுக்குச் சொல்லியிருந்தது. அந்த வீட்டில் நானும் இருந்தேன். அவள் டம்ளரில் என்ன இருக்கிறது என்று நான் பார்த்தது ஒரே ஒருநாள்தான், அதுவும் நண்பன் பார்த்துவிட்டானே என்று.

நாளைக் காலையில் உங்கள் வீட்டு அடுப்படியில் நின்று பாருங்கள். சக்கையை மறுபடி பாத்திரத்தில் தட்டுவது யார்? அவருக்கும் சேர்த்து முதலிலேயே இன்னொரு ஸ்பூன் தூள் போடுங்கள். எளிமையைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்.