"குடிப்பதில்லை, விற்கத்தானே செய்கிறோம்" என்னும் சமாதானம்



ஆண்டுதோறும் மீலாதுன் நபி அன்று தமிழக அரசு மதுக்கடைகளை மூடுகிறது. திருவள்ளுவர் நாள், வள்ளலார் நினைவு நாள், மகாவீரர் ஜெயந்தி, காந்தி ஜெயந்தி போன்ற நாள்களின் வரிசையில் அதுவும் மது விற்பனையற்ற நாள். மீலாது கொண்டாடலாமா, கூடாதா என்னும் விவாதம் இங்கே நம் பேச்சன்று. மதுவை விலக்கிய ஒரு நபியின் பெயரால் அரசு ஒரு நாள் கடையைப் பூட்டுகிறது என்பதே நாம் கவனிக்க வேண்டியது. அந்த ஒரு நாளிலும் திருப்பூரில் குடிக்க நினைப்பவருக்கு மது கிடைக்காமல் போவதில்லை. முந்தைய நாள் மாலையே வாங்கிப் பதுக்கியவர்கள் மறுநாள் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். கொங்குநாட்டில் இதற்குச் சந்துக்கடை என்று பெயர். அந்த வியாபாரத்தில் நம் சமுதாயத்துப் பிள்ளைகள் சிலரும் இறங்கியிருக்கிறார்கள் என்பதும், அதைக் கேட்டும் கேளாதவர்கள் போல் நாம் இருக்கிறோம் என்பதுமே இதை எழுதத் தூண்டியது.

நல்லூரில் வாழ்பவர்களுக்கு இந்த வியாபாரத்தின் நடைமுறையை விளக்க வேண்டியதில்லை. 2011இல் திருப்பூர் மாநகராட்சியோடு இணைக்கப்படும் வரை தனி நகராட்சியாக இருந்த ஊர் இது. பனியன் கம்பெனிகளை நம்பியே இங்கே அடுப்பு எரிகிறது. கட்டிங், தையல், செக்கிங் என்று வாரம் முழுவதும் ஒன்றரை ஷிப்ட் ஓடிய உடம்புக்குச் சனிக்கிழமை மாலை சம்பளம் கைக்கு வருகிறது. அரசுக் கடை பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது. மூடிய பிறகும், ஞாயிறு விடிந்து பகல் 12 மணி ஆகும் வரையிலும், குடிக்குப் பழகிய கையின் நடுக்கம் ஓய்வதில்லை. அந்த இடைவெளிதான் சந்துக்கடையின் முதல். கடையில் வாங்கிய குவார்ட்டர் பாட்டிலை ஐம்பதோ நூறோ கூட்டி விற்றால் ஒரு நாள் கூலி ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிறது. தையல் மிஷினில் பத்து மணி நேரம் குனிந்திருப்பதைவிட இது எளிது என்று ஓர் இளைஞனுக்குத் தோன்றுவதில் வியப்பில்லை.

இது ஏழைகள் செய்யும் வியாபாரம் என்று வசதியுள்ளவர்கள் ஒதுங்கிக்கொள்ள முடியாது. இதற்கு மேல்தட்டு வடிவம் ஒன்றும் உண்டு. வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூர், மலேசியாவிலிருந்தும் திரும்புகிற பயணி ஒருவர் 2 லிட்டர் வரை மதுவைத் தீர்வையின்றிக் கொண்டுவரச் சுங்க விதி இடம் தருகிறது. தம் சொந்த உபயோகத்துக்கென்று தரப்படும் சலுகை அது. ஆயுளில் ஒரு சொட்டு மதுவைத் தொடாதவர், ஐவேளைத் தொழுகையை விடாதவர், விமான நிலையக் கடையில் இரண்டு பாட்டில் வாங்கிப் பையில் வைத்துக்கொள்கிறார். ஊரில் எளிதில் கிடைக்காத ஃபாரின் சரக்கு என்பதால் வெளியே வந்ததும் நல்ல விலைக்குப் போகிறது. டிக்கெட் செலவில் ஒரு பகுதி தேறிவிடுகிறது. இன்னும் சிலர் அதை விற்பதில்லை. ஆர்டர் தரும் பையருக்கோ, காரியம் முடித்துத் தரும் அதிகாரிக்கோ, தீபாவளி சமயத்தில் கணக்காளருக்கோ அன்பளிப்பாக நீட்டுகிறார்கள். ஆர்டர் கைக்கு வந்தால் அந்த அன்பளிப்பும் விலைக்குப் போனதாகத்தான் பொருள்.

இவர்கள் எல்லோரும் சொல்லும் சமாதானம் ஒன்றே: "நாம் குடிப்பதில்லையே, விற்கத்தானே செய்கிறோம்!"

இந்தச் சமாதானம் புதிதன்று. நபி (ஸல்) அவர்களின் முன்னிலையிலேயே இது எழுந்து, அங்கேயே தீர்ந்தும் போயிற்று. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழியாக முஸ்லிம் நூலில் பதிவான நிகழ்ச்சி அது. ஒருவர் தோல்பையில் மதுவைக் கொண்டுவந்து நபியவர்களுக்கு அன்பளிப்பாகத் தந்தார். மது தடை செய்யப்பட்டுவிட்டது அவருக்குத் தெரியாது. தெரிவித்ததும் அருகிலிருந்த ஒருவரின் காதில் ஏதோ சொன்னார். என்ன சொன்னீர் என்று நபியவர்கள் கேட்க, இதை விற்றுவிடச் சொன்னேன் என்றார். குடிப்பதைத் தடுத்தவன்தான் விற்பதையும் தடுத்திருக்கிறான் என்று நபியவர்கள் விளக்கினார்கள். அவர் உடனே பையின் வாயைத் திறந்து முழுவதையும் கொட்டினார்.

அவர் கேட்டது நியாயமான கேள்விதானே? கையில் பொருள் இருக்கிறது, தமக்கு அது ஆகாது, வேண்டுபவர் வெளியே இருக்கிறார், விற்றால் முதலாவது தேறும். விமான நிலையத்தில் பாட்டில் வாங்குகிறவரும் சரியாக இதையே நினைக்கிறார். வேறுபாடு ஒன்றுதான். அவர் அறியாமல் கொண்டுவந்தார், அறிந்ததும் கொட்டினார். நாம் அறிந்தே வாங்குகிறோம்.

திர்மிதீ, இப்னு மாஜா நூல்களில் வரும் அறிவிப்பொன்றில் மதுவோடு தொடர்புடைய பத்துப் பேர் சாபத்துக்குரியவர்களாக எண்ணப்படுகிறார்கள். குடிப்பவர் அவர்களில் ஒருவர் மட்டுமே. பிழிபவர், பிழியச் செய்பவர், சுமப்பவர், யாருக்காகச் சுமக்கப்படுகிறதோ அவர், ஊற்றித் தருபவர், விற்பவர், அதன் விலையை உண்பவர், வாங்குபவர், யாருக்காக வாங்கப்படுகிறதோ அவர் என்று மற்ற ஒன்பது பேரும் அந்தச் சரக்கின் பாதையில் நிற்பவர்கள். சந்துக்கடைக்காரர் இதில் ஓரிடத்தில் நிற்கவில்லை. வாங்குகிறார், சுமக்கிறார், விற்கிறார், விலையை உண்கிறார். குடிக்கவில்லை என்னும் பெருமை எத்தனை இடங்களை அடைத்துவிடும்?

அடுத்த வாதம் வறுமை. "குழந்தைகளுக்குச் சோறு போட வேண்டாமா" என்கிறார்கள். இதை நாம் எள்ளலாக ஒதுக்கவில்லை. நூல் விலை ஏறினாலும் ஆர்டர் குறைந்தாலும் முதலில் வேலை இழப்பவர் பீஸ் ரேட் தொழிலாளிதான் என்பது நமக்குத் தெரியும். ஆயினும் மதுவிலக்கு வசனம் இறங்கியபோது மதீனாவிலும் ஏழைகள் இருந்தார்கள். அபூதல்ஹா (ரலி) அவர்களின் பொறுப்பில் இருந்த அநாதைகளுக்கு வாரிசுச் சொத்தாக வந்தது மது. அநாதையின் பொருளை வீணாக்கக் கூடாது என்பதில் இஸ்லாம் எவ்வளவு கடுமையானது என்பதை நாம் அறிவோம். அதை என்ன செய்வதென்று அவர் கேட்டார். கொட்டிவிடுமாறு பதில் வந்தது. காடியாக மாற்றிக்கொள்ளலாமா என்றும் கேட்டுப் பார்த்தார். அதற்கும் அனுமதி கிடைக்கவில்லை என்று அபூதாவூத் நூல் பதிவு செய்கிறது. அநாதைகளின் சொத்துக்கே தரப்படாத சலுகையை நம் இரண்டு சக்கர வாகனத் தவணைக்கு எப்படிக் கேட்பது?

மூன்றாவது வாதம்: "அரசே விற்கிறது. முத்திரை உடையாத சரக்கு. கள்ளச்சாராயமா விற்கிறோம்?" தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் 1983இல் தொடங்கப்பட்டது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கே வந்தது. 2024-25இல் அதன் வழியாக அரசுக்குக் கிடைத்த வருவாய் 48 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். 1937இல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கிய ராஜாஜி, இழந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். இன்று அந்த வரியின் வாரிசான ஜிஎஸ்டியும் இருக்கிறது, மதுவும் இருக்கிறது. அரசின் இந்தக் கொள்கையை நாம் ஏற்கவில்லை. ஆனால் அரசு விற்பது நமக்கு ஃபத்வா ஆகிவிடாது. அரசு லாட்டரியும்தான் ஒரு காலத்தில் நடத்தியது. அதனால் சூதாட்டம் ஹலாலாகிவிட்டதா? மேலும் சந்துக்கடை வியாபாரத்தை அரசின் சட்டமும் குற்றம் என்கிறது. ஷரீஅத்தும் தடுக்கிறது, நாட்டின் சட்டமும் தடுக்கிறது. இரண்டுக்கும் இடையில் எந்தச் சந்தில் இந்தக் கடை நிற்கிறது?

நான்காவது வாதத்தை மார்க்கம் ஓரளவு படித்தவர்களே சொல்கிறார்கள்: "வாங்குபவர் முஸ்லிம் அல்லவே, ஹனஃபி மத்ஹபில் இதற்கு இடம் இருக்கிறதே." பிற சமயத்தவரின் மதுவைக் கூலிக்குச் சுமப்பது பற்றி இமாம் அபூஹனீஃபா அவர்களுக்கும் அவர்களின் மாணவர்களான அபூயூசுஃப், முஹம்மது இருவருக்கும் இடையே கருத்து வேறுபாடு இருந்தது உண்மை. அது ஒரு சுமைக்கூலியைப் பற்றிய விவாதம். போதைச் சரக்கைத் தன் முதலில் வாங்கிப் பதுக்கி, தட்டுப்பாடு வரும் வரை காத்திருந்து, லாபம் வைத்து விற்பவர் அந்த விவாதத்துக்குள் தலையை நுழைக்க முடியாது. பதுக்கலோ உணவுப் பண்டத்திலேயே பாவம் என்று கண்டிக்கப்பட்ட செயல். ஹராமான பொருளில் அதைச் செய்பவர் எதைக் கொண்டு தம்மைக் காத்துக்கொள்வார்?

வாங்குபவர் முஸ்லிம் அல்லர் என்பதில் வேறொரு கொடுமையும் ஒளிந்திருக்கிறது. விடியற்காலையில் சந்துக்கடை வாசலில் நிற்பவர் யார்? பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்து, பத்துப் பேரோடு ஓர் அறையில் தங்கி, ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டியவர். அல்லது நம் பக்கத்து வீட்டுச் சகோதரியின் கணவர். அந்தச் சகோதரி நமக்கு நோன்புக் கஞ்சி வாங்க வருபவர். நம் வீட்டுப் பெண்களோடு ஒரே கம்பெனி வேனில் வேலைக்குப் போகிறவர். 2017 ஏப்ரலில் இதே மாவட்டத்துச் சாமளாபுரத்தில் மதுக்கடை வேண்டாமென்று பெண்கள் சாலையில் அமர்ந்து போலீசாரிடம் அடி வாங்கியதை நாடே பார்த்தது. அவர்கள் அடி வாங்கி மூட முயன்ற கதவை, கடை மூடியிருக்கும் நேரத்திலும் திறந்து வைப்பதா நம் வியாபாரம்? அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி ஜும்ஆவில் பயான் கேட்டுவிட்டு, அந்த வீட்டுச் சம்பளத்தில் கை வைப்பது எந்த இஸ்லாம்?

மதுவின் அரிய பாட்டில்கள் எங்கெல்லாம் காசாகின்றனவோ அங்கெல்லாம் இதே கதைதான். அமெரிக்காவில் பாப்பி வான் விங்கிள் என்னும் போர்பன் விஸ்கி மிகச் சிறிய அளவிலேயே சந்தைக்கு வருகிறது. கடை விலைக்குக் கிடைத்தவர் அதைப் பல மடங்குக்கு மறுவிற்பனை செய்கிறார். 2013இல் கென்டக்கி மாநில ஆலையொன்றிலிருந்து அதன் பாட்டில்கள் 200க்கு மேல் களவு போயின. நம்மைப் போலவே மது விற்பனையை அரசின் பிடியில் வைத்திருக்கும் ஆரிகன் மாநிலத்தில், அந்தத் துறையின் உயர் அதிகாரிகளே அரிய பாட்டில்களைத் தங்களுக்கென்று ஒதுக்கிக்கொண்டது 2023இல் வெளிவந்தது. துறைத் தலைவர் பதவி விலக நேர்ந்தது. அவர்கள் விலை கொடுத்துத்தான் வாங்கினார்கள். ஆனாலும் மக்களுக்கு வரவேண்டிய வாய்ப்பைப் பதவியால் திருப்பிக்கொண்டது தவறென்று, மதுவை ஹராமாகக் கருதாத அந்த மக்களே தீர்ப்பளித்தார்கள். ஹராம் என்று ஓதி வளர்ந்த நம்முடைய அளவுகோல் அவர்களுடையதைவிடத் தாழ்ந்திருக்கலாமா?

இனி ஜமாஅத்துகளிடம் நேராகச் சில சொற்கள். பையன் சந்துக்கடையில் பிடிபட்டால் குடும்பத்தையே ஊர் பேசுகிறது. பார் நடத்தக் கட்டடத்தை வாடகைக்கு விட்டவரின் நன்கொடை ரசீதை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. ஃபாரின் பாட்டிலை அன்பளிப்பாகத் தந்து ஆர்டர் பிடித்தவருக்கு மேடையில் சால்வை போர்த்துகிறோம். கண்டிப்பு ஏழைக்கு மட்டும் என்றால் அதை எந்த இளைஞன் மதிப்பான்? கண்டிப்பு மேலிருந்து தொடங்கட்டும். மது விற்பனைக்கு இடம் வாடகைக்கு விடுவதில்லை என்று கட்டடம் உள்ளவர்கள் முதலில் முடிவெடுக்கட்டும். அத்தகைய வருவாயிலிருந்து பள்ளிவாசலுக்கு நன்கொடை வேண்டாம் என்று நிர்வாகம் எழுதி வைக்கட்டும். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் அந்த 2 லிட்டர் சலுகையை விமான நிலையத்திலேயே விட்டு வரட்டும். பையருக்குத் தர நம் ஊரில் பேரீச்சம்பழத்துக்கோ பட்டுக்கோ பஞ்சமில்லை.

கண்டிப்போடு மாற்றுவழியும் வேண்டும். பைத்துல்மாலில் இருக்கும் தொகை வருடத்துக்கொரு முறை அரிசி வழங்குவதோடு முடிந்துவிடக் கூடாது. வட்டியில்லாக் கடனாக ஒரு பவர்டேபிள் மிஷின், ஒரு தள்ளுவண்டி, மளிகைக்கு ஒரு சிறு முதல் என்று அது இறங்க வேண்டும். செகண்ட்ஸ் பனியன் எடுத்து விற்றுக் கௌரவமாக வாழும் சகோதரர்கள் இங்கே எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரோடு ஓர் இளைஞனைச் சேர்த்துவிடுவது பத்து பயான்களைவிடப் பயன் தரும்.

சந்துக்கடையில் நிற்கும் தம்பிக்கும் ஒரு சொல். உங்களை வெறுத்து இதை எழுதவில்லை. மது தடை செய்யப்பட்டது என்னும் அறிவிப்பு தெருவில் கேட்டபோது அபூதல்ஹாவின் வீட்டில் ஊற்றித் தந்துகொண்டிருந்தவர் இளைஞரான அனஸ் (ரலி) அவர்கள்தாம். சரக்கு இருக்கும் வரை விற்றுவிட்டு அடுத்த மாதம் விடலாம் என்று அந்த வீட்டில் யாரும் கணக்குப் போடவில்லை. மதீனாவின் தெருக்களில் மது ஓடியது. அன்று கொட்டியவர்களின் பிள்ளைகள் யாரும் அதனால் பட்டினி கிடந்து அழிந்துவிடவில்லை. உங்கள் கையில் இருப்பதையும் இன்றே கொட்டிவிடுங்கள். முதல் போனதே என்று மனம் பதறும். அந்த நட்டத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டியது உங்கள் ஜமாஅத்தின் கடமை. அதை அவர்களிடம் உரிமையோடு கேளுங்கள்.

வல்ல ரஹ்மான் நம் உணவையும் உழைப்பையும் தூய்மையாக்குவானாக! ஹலாலான சிறு வருவாயில் பெரும் பரக்கத்தைத் தருவானாக! ஆமீன்.