கரும்பில் ஓடிய கார்

கரும்பைப் பிழிந்தால் சர்க்கரை வரும்; பிரேஸில்காரர்கள் அதிலேயே காரையும் ஓட்டிவிட்டார்கள்! 1973-இல் எண்ணெய் விலை எகிறவே, அந்நாட்டுச் சர்க்கார் 1975-இல் கரும்புச் சாராயத்தை எரிபொருளாக்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. பத்தே வருஷத்தில், விற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஒன்பது சாராயக் கார்!

அப்புறம் எண்ணெய் மலிந்தது. சர்க்கரை விலை ஏறியது. ஆலைகள் சர்க்கரைப் பக்கம் சாய்ந்தன. 1989-இல் பெட்ரோல் பங்குகளில் சாராயத்துக்குத் தட்டுப்பாடு. சர்க்காரை நம்பிக் கார் வாங்கிய குடும்பங்கள் திண்டாடின. அந்தக் கார்களின் மவுசும் குறைந்தது.

2003-இல் வந்த புதுக் காரோ பெட்ரோல், சாராயம் இரண்டையும் குடிக்கும். எது மலிவோ, அன்றைக்கு அது!

ஒரே கடையை நம்பி மளிகைக் கணக்கு வைக்காத நம் வீட்டு அம்மாக்களுக்கு இது தெரிந்த சங்கதிதானே?