பாக்கெட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் அதிகம், அதனால மூணு வாரமா தள்ளிப் போட்டுட்டே வந்தேன். இன்னைக்கு எழுதியே ஆகணும். படிச்சு முடிச்சதும் நாட்டு விதைக்காரங்களும் திட்டுவாங்க, விதைக் கம்பெனிக்காரங்களும் திட்டுவாங்க. திட்டுங்க, பரவாயில்லை.

விதைத் திருவிழாக்கள்ல சின்னக் காகிதக் கவர் குடுக்கிறாங்க இல்லையா? மேல பேனாவால "நாட்டுச் சுரை", "பாரம்பரியப் பீர்க்கு", "குண்டுப் புடல்"னு எழுதி, உள்ள ஆறேழு விதை. வாங்குறவங்க கண்ணுல ஒத்திக்கிட்டு வாங்குறாங்க. எனக்கு ஒரே ஒரு கேள்விதான். அந்த விதைக்கு அம்மா யாருன்னு கவர்ல எழுதியிருக்கு, சரி. அப்பா யாரு?

சுரைக் கொடியில ஆண் பூ வேற, பெண் பூ வேற. சாயங்காலம் வெள்ளையா விரியும். மகரந்தத்தைச் சுமக்கிறது அந்துப்பூச்சியும் தேனீயும். அதுக்கு உங்க வேலி எது, பக்கத்து வீட்டு வேலி எதுன்னு தெரியாது. உங்க நீட்டுச் சுரையில பக்கத்து வீட்டுக் குண்டுச் சுரையோட மகரந்தம் விழுந்தாலும், இந்த வருஷக் காய் அச்சு அசலா நீட்டமாத்தான் இருக்கும். ஏன்னா சதையும் தோலும் அம்மாவோடது. கலப்பு இருக்கிறது உள்ள இருக்கிற விதையிலதான். அதைப் போட்டு அடுத்த வருஷம் காய்ச்சாத்தான் குட்டு வெளிப்படும். "காயைப் பாத்துத்தான் சார் விதை எடுத்தேன், நல்ல காய்"னு சொல்றது அதனாலதான் செல்லாது.

(சைடுல ஒண்ணு: சுரைக்குப் பக்கத்துல பாகல் போட்டா சுரை கசக்கும்னு ஊர்ல சொல்வாங்க. சுத்தப் பொய். ரெண்டும் வேற வேற இனம், ஒண்ணோட ஒண்ணு கலக்கவே கலக்காது. சுரையோட கலக்கிறது இன்னொரு சுரைதான்.)

சரி, கலந்தா என்ன குடி முழுகிடும்? வடிவம் மாறினா மாறிட்டுப் போகுது, சாம்பார்ல எல்லாம் ஒண்ணுதானேன்னு கேக்கலாம். அங்கதான் சிக்கல். சுரை, பீர்க்கு, புடலை மூணுக்கும் நம்ம ஆளுங்க தனியா ஒரு பேர் வச்சிருக்காங்க, கவனிச்சிருக்கீங்களா? பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு, பேய்ப்புடல். வேலியோரம் தானா முளைக்கிற கசப்பு வகைகள். அந்தக் கசப்புக்குக் காரணம் குக்கர்பிட்டாசின்னு ஒரு ரசாயனம். வேகவச்சாலும் போகாது. இந்தக் குடும்பத்துல பெரும்பாலும் கசப்புதான் ஓங்கி நிக்கிற குணம். நல்ல பீர்க்குல பேய்ப்பீர்க்கோட மகரந்தம் விழுந்துச்சுன்னா, அடுத்த தலைமுறைக் காய் கசப்புப் பக்கம்தான் சாயும்.

2010ல டெல்லியில சி.எஸ்.ஐ.ஆர். விஞ்ஞானி ஒருத்தர் சுரைக்காய்ச் சாறு குடிச்சு இறந்துபோனார். பாகற்காயும் சேத்து அடிச்ச சாறு, அதனால கசப்பு சந்தேகத்தைக் கிளப்பலை. அதுக்கப்புறம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு (ஐ.சி.எம்.ஆர்.) ஒரு நிபுணர் குழு போட்டு விசாரிச்சுச் சொன்னது: கசக்கிற சுரைச் சாறைக் குடிக்கவே கூடாது, இதுக்குன்னு தனி மாற்று மருந்து கிடையாது. அந்தக் காய் ஏன் கசந்துச்சுன்னு நான் தீர்ப்பு சொல்ல வரலை, வெயிலும் தண்ணிப் பஞ்சமும்கூட கசப்பை ஏத்தும். ஆனா 2015ல ஜெர்மனியில ஹைடன்ஹைம்ங்கிற ஊர்ல பக்கத்து வீட்டுத் தோட்டத்துச் சுக்கினியைச் சமைச்சுச் சாப்பிட்ட 79 வயசுப் பெரியவர் இறந்தப்போ, அங்க குடுத்த எச்சரிக்கை நேரடியா விதையைப் பத்தினதுதான். அலங்காரத்துக்கு வளக்கிற கசப்புப் பூசணிகளோட கலந்திருக்கலாம், அதனால வீட்டுல எடுத்த விதையைப் போடாதீங்கன்னு சொன்னாங்க.

எங்க வீட்டுக் கதையையும் சொல்லிடுறேன். எங்க ஊர் ஆலங்குளம். தென்காசி பக்கத்து ஆலங்குளம் இல்லைங்க, ராஜபாளையம் பக்கம், டான்செம் சிமெண்ட் பேக்டரி இருக்கிற ஆலங்குளம். போன வருஷம் அம்மா ஒரு விதைத் திருவிழாவுல "நீட்டுச் சுரை"ன்னு எழுதின கவர் வாங்கிட்டு வந்து கொல்லையில அஞ்சு விதை ஊனினாங்க. அஞ்சும் கொடி ஓடுச்சு. ரெண்டு நீட்டமா காய்ச்சது. ஒண்ணு பானை மாதிரி. ஒண்ணு கழுத்து வளைஞ்சு அன்னப்பறவை மாதிரி. அஞ்சாவது நல்லா நீட்டமா, பளபளன்னு, பாத்தா சந்தையில முதல்ல வித்துப்போற காய். அம்மா எப்பவும் நறுக்கும்போது ஒரு துணுக்கை நுனி நாக்குல வச்சுப் பாப்பாங்க, அவங்க அம்மா சொல்லிக்குடுத்த பழக்கம். வச்ச வேகத்துல துப்பினாங்க. "ஏய்யா, இதைத் தொட்டுறாத, பேய்ச்சுரை"ன்னு கொடியோட பிடுங்கி எறிஞ்சாச்சு. அதே பாத்தி, அதே தண்ணி, அதே வெயில். மத்த நாலும் கசக்கலை.

கவர்ல போன் நம்பர் இருந்துச்சு, கூப்பிட்டேன். "நாட்டு விதைன்னா அப்படித்தான் தம்பி, வெரைட்டியா வரும்"னார். உங்க தோட்டத்துல எத்தனை வகை சுரைங்கன்னு கேட்டேன். "பதினோரு வகை"ன்னு பெருமையா சொன்னார். எல்லாம் எங்க இருக்குன்னா, ஒரே பந்தல்ல!

பதினோரு வகையை ஒரே பந்தல்ல ஏத்தி, பூச்சியைத் திறந்துவிட்டு, வருஷக் கடைசியில பதினோரு கவர்ல பதினோரு பேர் எழுதுறது விதைப் பாதுகாப்பு இல்லைங்க. பதினோரு வகையையும் ஒரே போடா போட்டுத் தள்ளுறது. எங்க பொழப்புல சொல்லணும்னா, ஊர்ல போறவன் வர்றவன் எல்லாம் கோடுல கை வச்சுட்டுப் போறான், நாம அது மேல "வெர்ஷன் 1.0"ன்னு ஸ்டிக்கர் ஒட்டுறோம்.

"அப்போ நம்ம பாட்டி பூட்டி எல்லாம் எப்படி விதை எடுத்தாங்க? அவங்க என்ன பி.எஸ்சி. அக்ரியா?"ன்னு கேப்பீங்க. நல்ல கேள்வி. பாட்டி வீட்டுல ஒரே ஒரு சுரைதான் இருந்துச்சு. தெருவுல எல்லார் வீட்டுலயும் கிட்டத்தட்ட அதே சுரைதான், ஒரு வீட்டுல இருந்து இன்னொரு வீட்டுக்குப் போன விதை. அடுத்த ஊருக்கு நடுவுல கரிசக்காடு. பேய்ச்சுரை கண்ணுல பட்டா பிடுங்கிருவாங்க. ஊரே ஒரு தடுப்பு. இன்னைக்கு நாம கூரியர்ல தருமபுரி சுரை, தஞ்சாவூர் சுரை, ஒடிசா சுரைன்னு வரவழைச்சு ஒரே மொட்டை மாடியில வளக்கிறோம். சேகரிக்கிற ஆசையே கலப்படத்துக்கு வழி. பாட்டிக்கு இருந்த பாதுகாப்பை நாமளே உடைச்சுட்டு பாட்டி பேரைச் சொல்லிட்டு இருக்கோம். முருங்கைக்கு ஏன் விதை போடாம போத்து வெட்டி நட்டாங்கன்னு யோசிங்க. விதையில வந்தா அதே மரம் வராதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

நெல்லை உதாரணம் காட்டுறதும் இங்க வேலைக்கு ஆகாது. நெல் ஜெயராமன் 170க்கும் மேல பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டவர், 2018ல மறைஞ்சார். அவர் மேல எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனா நெல் தனக்குள்ளயே மகரந்தம் சேத்துக்கிற பயிர். மத்திய அரசோட விதைச் சான்றுத் தரத்துல நெல்லுக்குக் கேக்கிற இடைவெளி வெறும் 3 மீட்டர். மிளகாய்க்குச் சான்று விதைன்னா 200 மீட்டர். சுரை, பீர்க்கு வகைக்கு 500 மீட்டர், ஆதார விதைன்னா 1000 மீட்டர். நெல்லுல ஜெயிச்ச முறையை அப்படியே சுரைக்குக் கொண்டு வந்து "விதையைக் காயவச்சு எடுத்து வைங்க, அவ்வளவுதான்"னு மேடையில பேசுறாங்க பாருங்க, அதுதான் எரிச்சல். தக்காளி, அவரை, தட்டப்பயறுக்கு அது பெரும்பாலும் சரி. கத்தரி, வெண்டைக்குப் பாதி சரி. கொடிக் காய்களுக்குச் சுத்தமா ஆகாது. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023ல புவிசார் குறியீடு கிடைச்சது. சந்தோஷம். பக்கத்துக் காட்டுல சம்பா மிளகாய் பூத்திருந்தா, தேனீ போய் அரசிதழைப் படிச்சுட்டா வரும்?

இன்னொரு விஷயம் சொன்னா கோவம் வரும். பி.டி. கத்தரிக்காயை எதிர்த்தப்போ என்ன சொன்னோம்? நான் அப்போ ஸ்கூல் பையன், ஆனா அந்த வாதம் எனக்கு இப்பவும் சரின்னுதான் படுது. மகரந்தம் பறக்கும், நாட்டுக் கத்தரி ரகங்கள்ல கலந்துடும், திரும்பப் பிரிக்க முடியாதுன்னு சொன்னாங்க. ஏழு நகரத்துல கருத்துக் கேட்டுட்டு, 2010 பிப்ரவரி 9ஆம் தேதி அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்தி வச்சார். அடுத்தவன் மகரந்தம் பறக்கும்னு அவ்வளவு தெளிவா தெரிஞ்சவங்களுக்கு, நம்ம பந்தல்ல மட்டும் அது கையைக் கட்டிக்கிட்டு நிக்கும்னு எப்படித் தோணுது?

"இயற்கை பாத்துக்கும்"னு ஒரு பதில் ரெடியா வச்சிருக்காங்க. இயற்கை கிட்ட விட்டா வர்றது பேய்ச்சுரைதான் சாமி. கசப்பு செடிக்குக் கவசம், தின்ன வர்றதை விரட்டுறதுக்கு. கசக்காத சுரை, மனுஷங்க நாக்கு நுனியில வச்சு வச்சு, துப்பித் துப்பி, தலைமுறை தலைமுறையா பொறுக்கி எடுத்தது.

இதைப் படிச்சுட்டு விதைக் கம்பெனிக்காரங்க ரொம்ப சந்தோஷப்பட வேண்டாம். "எடுத்து வச்ச விதை எல்லாம் குப்பை, வருஷா வருஷம் எங்ககிட்ட வாங்குங்க"ன்னு சொல்றதுக்கு நான் வக்காலத்து வாங்கலை. 2001ஆம் வருஷப் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டத்தோட 39ஆவது பிரிவு, விதையை எடுத்து வைக்க, திரும்ப விதைக்க, பரிமாற, பிராண்ட் பேர் போடாம விக்கக்கூட விவசாயிக்கு உரிமை குடுக்குது. கலப்புங்கிற பூச்சாண்டியைக் காட்டி அந்த உரிமையைப் பிடுங்கப் பாக்கிறது அயோக்கியத்தனம். உங்க ஹைபிரிட் விதையை எடுத்துப் போட்டா மட்டும் அதே காயா வருது? முளைக்கும், ஆனா ஒவ்வொண்ணும் ஒரு தினுசு.

இத்தனைக்கும் கலக்காம விதை எடுக்க ராக்கெட் விஞ்ஞானம் தேவையில்லை. சுரைன்னா அன்னைக்குச் சாயங்காலம் விரியப்போற மொட்டு மத்தியானமே தெரியும். பெண் மொட்டு ஒண்ணு (அடியில குட்டிக் காய் இருக்கும்), அதே வகையில வேற கொடியில ஆண் மொட்டு ரெண்டு, மூணையும் நூலால மெதுவா கட்டிடுங்க. சாயங்காலம் ஆண் பூவைப் பறிச்சு, இதழைக் கிழிச்சுட்டு, மகரந்தத்தைப் பெண் பூவுல தடவி, திரும்பக் கட்டிடுங்க. காம்புல சிவப்பு நூல் ஒண்ணு அடையாளத்துக்கு. அந்தக் காயைப் பறிக்காம கொடியிலயே ஓடு காயிற வரைக்கும் விட்டா அதுல இருக்கிறது சுத்தமான விதை. பரங்கின்னா பூ விடியக்காலையில விரியும், முந்தின நாள் சாயங்காலமே கட்டணும். பத்து நிமிஷ வேலை.

அதுவும் முடியலையா, கவர்ல உண்மையை எழுதுங்க. எந்த வருஷ விதை, பக்கத்துல வேற எத்தனை வகை இருந்துச்சு, கையால மகரந்தம் சேத்ததா, பூச்சிக்கு விட்டதா. "கலந்திருக்கலாம்"னு ஒத்தை வார்த்தை எழுதினா நான் அப்பவும் வாங்கிப் போடுவேன், என்ன வருதுன்னு பாக்கிறதும் ஒரு ஜாலிதான். எங்க அம்மாவும் நறுக்கும்போது ரெண்டு தடவை நக்கிப் பாப்பாங்க.

டிஸ்கி: சுரை, பீர்க்கு, புடலை, வெள்ளரி எதுவா இருந்தாலும் வழக்கத்துக்கு மாறா கசந்தா, காசு குடுத்து வாங்கினதாச்சேன்னு பாக்காம குப்பையில போடுங்க. சாறு அடிக்கிறவங்க அடிக்கிறதுக்கு முன்னாடி பச்சையா ஒரு துணுக்கு நாக்குல வச்சுப் பாத்துத் துப்புங்க, பாகல் சேக்கிறதுக்கு முன்னாடி. தெரியாம சாப்பிட்டு வாந்தி, வயித்து வலி, பேதின்னு ஆரம்பிச்சா கஷாயம் போட்டுக் குடிச்சுட்டு உக்காராம நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க, என்ன சாப்பிட்டோம்னும் சொல்லுங்க.