பசுமைக் கப்பலும் பங்காளிக் கம்பனிகளும்

உற்பத்தியாளரும் கப்பற் கம்பனிகளும் கைகோத்துக்கொண்டாற் கடல்வழிப் போக்குவரத்தின் புகை தானாகவே அடங்கிவிடும் என்றொரு கருத்து அண்மைக் காலத்தில் வர்த்தக உலகிற் பெரிதும் பரப்பப்பட்டு வருகின்றது. சட்டம் வேண்டாம், வரி வேண்டாம், அரசுகளின் தலையீடு வேண்டாம். சரக்கை அனுப்புவோரும் ஏற்றிச் செல்வோரும் நல்லெண்ணத்தோடு பங்காளிகளானாற் போதும் என்பதே இக்கருத்தின் சாரம். கேட்பதற்கு இனிய இக்கூற்றைக் கணக்குக் கொண்டு நோக்குதல் அவசியமாகும்.

உலக வர்த்தகப் பொருள்களுள் அளவின்படி எண்பது சதவீதத்துக்கு மேற்பட்டவை கடல் வழியாகவே செல்கின்றன. சர்வதேச கடல்சார் அமைப்பு 2020 இல் வெளியிட்ட நான்காவது ஆய்வின்படி, 2018 ஆம் ஆண்டிற் கப்பல்கள் வெளியேற்றிய பச்சைவீட்டு வாயுக்கள் காபனீரொட்சைட்டுக் கணக்கில் 1,076 மில்லியன் தொன். மனிதச் செயலால் வெளியாகும் மொத்தத்தில் இது 2.89 சதவீதமாகும். இதிற் பெரும்பகுதியைத் தம் கணக்கில் ஏற்றுக்கொள்ள நாடுகள் பொதுவாக முன்வரவில்லை. 1997 ஆம் ஆண்டின் கியோட்டோ உடன்படிக்கை சர்வதேசக் கப்பற் போக்குவரத்தை மேற்கூறிய அமைப்பின் பொறுப்பில் விட்டது. 2015 ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கையோ கப்பலென்ற பெயரைக்கூட உச்சரிக்கவில்லை. நடுக்கடலில் எழும் புகைக்கு உரியவர் எவருமிலர் என்ற இந்நிலையிலேதான் பங்காளிகள் மேடையேறினர்.

2021 ஒக்டோபரில் அமேசன், ஐக்கியா, யூனிலீவர், மிஷலின் உட்பட ஒன்பது கம்பனிகள், 2040 ஆம் ஆண்டளவில் தமது கடல்வழிச் சரக்குகளைப் பூச்சிய வெளியேற்றக் கப்பல்களில் மாத்திரமே அனுப்பப்போவதாக அறிவித்தன. பின்னர் பூச்சிய வெளியேற்றக் கடல்வழிக் கொள்வனவாளர் கூட்டணி என்றோர் அமைப்பும் தோன்றியது. அதன் முதலாவது கேள்விப்பத்திரத்தை 2024 இல் ஹபாக்-லொயிட் கம்பனி வென்றது. சிங்கப்பூருக்கும் ரொட்டர்டாமுக்கும் இடைப்பட்ட வழியில், கழிவுப் பொருள்களிலிருந்து பெறப்படும் மீதேனை எரித்து, 2025, 2026 ஆகிய ஈராண்டுகளிற் குறைந்தது 82,000 தொன் வெளியேற்றத்தைத் தவிர்ப்பதென்பது உடன்பாடு.

82,000 தொன் சிறிய தொகையன்று என்பர். உண்மைதான். ஆனால் 2018 ஆம் ஆண்டின் மொத்த வெளியேற்றத்தோடு ஒப்பிட்டால் அது பதின்மூவாயிரத்தில் ஒரு பங்கு; அதுவும் ஈராண்டு உழைப்பின் பயன். உலகின் மிகப் பெரிய கம்பனிகள் சில ஒன்றுகூடிக் கண்ட அறுவடை இது. இம்முயற்சியை இகழ்வது நோக்கமன்று. புதிய எரிபொருளுக்கு வாங்குவோர் உளர் என்று காட்டியமை ஒரு பயன்தான். இதனையே முழுத் தீர்வாகக் காட்டி ஏனையவற்றைப் பின்தள்ளுவதே கண்டனத்துக்குரியது.

இத்தகைய உடன்பாடுகள் பலவற்றில் ஒருவர் பணம் செலுத்திய பசுமை எரிபொருள் அவருடைய சரக்கை ஏற்றிய கப்பலிலேயே எரிக்கப்படவேண்டும் என்பதில்லை. கப்பற் கூட்டத்தில் எங்கோ ஒரு கப்பலில் அது எரிய, அதன் புண்ணியம் மாத்திரம் பணம் கொடுத்தவரின் ஏட்டிற் பதியப்படும். வளிமண்டலத்துக்கு எந்தக் கப்பல் என்பது பொருட்டன்று. ஆகவே கணக்கியல் முறையில் இதிற் பிழையில்லை. ஆனால் பணம் கொடாதவனின் கப்பல் அதே வழியில் அதே கனவெண்ணெயை எரித்துக்கொண்டு, மலிவான கட்டணத்தில், அடுத்த துறையிற் சரக்கை ஏற்றுகின்றது. நல்லவனுக்குச் செலவு, மற்றவனுக்கு இலாபம் என்ற இந்நியதியை நல்லெண்ணம் எவ்வாறு மாற்றும்?

இதனை ஒரு கப்பற் கம்பனியே ஒப்புக்கொண்டது என்பது மனங்கொள்ளத்தக்கது. மெதனோலில் ஓடும் கொள்கலன் கப்பலை 2023 இல் முதன்முதலாகக் கடலில் விட்ட டென்மார்க்கின் மேர்ஸ்க் கம்பனி, 2021 இலேயே ஒரு தொன் கப்பல் எரிபொருளுக்கு 450 டொலர் வரி விதிக்கவேண்டும் என்று கேட்டது. விலை வித்தியாசத்தைச் சட்டம் அடைக்காவிடிற் புதிய எரிபொருள் போட்டியில் நிற்காது என்பதை வியாபாரி அறிவான். பங்காண்மையைப் போற்றும் சொற்பொழிவாளர்தாம் அறியார் போலும்.

அச்சட்டம் எந்நிலையில் உள்ளது? 2050 அளவில் தேறிய பூச்சிய வெளியேற்றத்தை எட்டுவதென 2023 இற் கடல்சார் அமைப்பு தீர்மானித்தது. அதனை நிறைவேற்றும் விதிகள் 2025 ஏப்ரலில் அங்கீகரிக்கப்பட்டன. அவற்றை ஏற்றுக்கொள்ளவேண்டிய ஒக்டோபர்க் கூட்டத்திலோ, ஆதரிக்கும் நாடுகளுக்குத் துறைமுகக் கட்டணமும் விசாக் கட்டுப்பாடும் வருமென ஐக்கிய அமெரிக்கா எச்சரிக்க, 57 நாடுகள் ஒருபுறமும் 49 நாடுகள் மறுபுறமுமாக வாக்களித்து விடயத்தை ஓராண்டுக்கு ஒத்திவைத்தன.

சட்டம் வரும்வரை பங்காளிகள் செய்யத்தக்கது யாதுமில்லையா எனின், உண்டு. அது அவர்கள் விளம்பரப்படுத்த விரும்பாத ஒன்று. கப்பலின் வேகத்தைப் பத்துச் சதவீதம் குறைத்தால் ஒரு பயணத்துக்கான எரிபொருள் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு குறையும். புதிய எஞ்சினும் வேண்டாம், புதிய எரிபொருளும் வேண்டாம். சரக்குச் சில நாள் தாமதித்து வந்தால் ஏற்றுக்கொள்ளும் மனம் மாத்திரம் வேண்டும். அந்த நாள்களை நிர்ணயிப்பவன் மாலுமியல்லன், கொள்வனவாளன்.

கட்டுநாயக்காவில் தைக்கப்படும் சட்டையை எடுத்துக்கொள்க. எந்தக் கப்பலில், எந்த முகவர் மூலம் அது செல்லவேண்டுமென்பதைப் பெரும்பாலும் வெளிநாட்டுக் கொள்வனவாளனே குறிக்கின்றான். தொழிற்சாலைக்கு அதிற் குரலில்லை. நூலோ துணியோ பிந்தி வந்து குறித்த நாள் தவறிவிட்டாலோ, அதே சட்டையைத் தொழிற்சாலை தன் செலவில் விமானத்தில் ஏற்றவேண்டிய நிலை இத்துறையில் வழமையானது. விமானம் வெளியேற்றும் புகை கப்பலினதைவிடப் பன்மடங்கு. ஓர் ஒப்பந்தத்தின் முதற்பக்கத்திற் பசுமைக் கப்பலும், தவணை பற்றிய வாசகத்தில் விமானமும் இடம்பெறுகின்றன. பங்காளிகள் கூடிப் பேசும்போது அந்தத் தவணை வாசகத்தை மேசைக்குக் கொண்டுவரட்டும். தாமதத்தின் சுமையிற் பாதியையேனும் கொள்வனவாளன் ஏற்க இணங்குகின்றானா என்பதை அப்போது பார்க்கலாம்.