துடுப்பு நின்றால் பரிசல் நிற்குமா?

இரண்டாமாண்டு இளம் அறிவியல் (விலங்கியல்) மாணவி

என் தந்தையார் ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். சென்ற விடுமுறையில் ஒரு நாள், "காலேஜில என்னம்மா சொல்லித் தராங்க?" என்று கேட்டார். "குறைந்த ரெனால்ட்ஸ் எண்ணில் நிலைமத்தைவிடப் பாகியல் விசை மிகுந்திருக்கும்" என்று ஒப்பித்தேன். அவர் தலையாட்டினார். அவருக்குப் புரியவில்லை. உண்மையில், எனக்கும் புரிந்திருக்கவில்லை!

மறுநாள் அவர் தொழிலிலிருந்தே தொடங்கினேன். ஓட்டமில்லாத மடுவில் துடுப்பை நிறுத்தினாலும் பரிசல் சிறிது தூரம் தானே போகும். ஆனால் நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவுக்கு அந்த வசதி இல்லை. 500 பாக்டீரியாக்களை நீளவாக்கில் அடுக்கினால்தான் ஒரு மில்லிமீட்டர் வரும். அது நீந்துவதை நிறுத்தினால், ஓர் அணுவின் அகலம்கூட நகராமல் நின்றுவிடும். 1976இல் ஆற்றிய புகழ்பெற்ற உரையொன்றில் அமெரிக்க இயற்பியலறிஞர் பர்செல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்.

"ஆறிப்போன வெல்லப்பாகுல துடுப்பு போட்ட மாதிரியா?" என்றார் அப்பா.

திகைத்துப் போனேன். 'பாகியல்' என்ற சொல்லுக்குள் 'பாகு' இருப்பதை அன்றுதான் கண்டேன்! நீர் மாறவில்லை, காவிரியின் அதே நீர்தான். உடல் சிறுத்துவிட்டால், முன்செல்லும் உந்தம் ஒன்றுமில்லாமல் போய், நீரின் பிடியே மிஞ்சுகிறது.

"அங்கே துடுப்பை ஒரே தடத்தில் முன்னும் பின்னும் அசைத்தால், வேகமாகத் தள்ளி மெதுவாக இழுத்தாலும், புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரலாம்" என்றேன்.

"அப்போ அது எப்படித்தான் போகுது?"

பர்செல் தம் உரையில் ஆராய்ந்ததும் இதே கேள்வியைத்தான். பாக்டீரியாவின் கசையிழை துடுப்பன்று; திருகாணி. சுருள் வடிவான அது ஓயாமல் சுழன்று உடலை முன்னே தள்ளுகிறது. நொடிக்குத் தன் நீளத்தைப்போல் பத்து மடங்குக்கும் மேல் அது நீந்துகிறது!

மாணவ நண்பர்களே! தேர்வுத்தாளில் எழுதிவிட்டால் பாடம் முடிந்தது என்று நாம் எண்ணுகிறோம். அது தவறு என்பேன். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர்க்கு அறிவியல் எட்டாது என்பது அதைவிடப் பெருந்தவறு. எட்டாதது அறிவியலன்று, நாம் ஒப்பிக்கும் வாசகமே. நாளும் படித்ததை நம் வீட்டுத் திண்ணையில் ஒருமுறை சொல்லிப் பார்ப்போம். அங்கே எழும் கேள்விக்கு விடை சொல்ல முடிந்தால், அன்றே நாம் தேறியவர்கள்.