ஜிப்பா, வெல்க்ரோவா?

தலைப்பைப் பார்த்துவிட்டு உடுத்துகிற ஜிப்பாவைப் பற்றிய கட்டுரை என்று நினைத்துவிட வேண்டாம். இது படுக்கை விஷயம். ஸ்லீப்பிங் பேக், மடக்குக் கொசுவலை, சின்னக் கூடாரம் ஆகியவற்றின் வாயை மூடுவதற்கு ஜிப் நல்லதா, ஒட்டிப் பிரிக்கிற வெல்க்ரோ நல்லதா என்பதுதான் கேள்வி. இமயமலைக்குப் போகிறவர்கள் கவலைப்பட வேண்டிய சமாசாரம் என்று தோன்றலாம். தைப்பூச இரவில் வடலூர் பெருவெளியைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

வள்ளலார் அமைத்த சத்திய ஞான சபையில் 1872 முதல் தைப்பூச ஜோதி தரிசனம் நடக்கிறது. 7 திரைகளை விலக்கிக் காட்டும் அந்தத் தரிசனம் காலை 6 மணிக்குத் தொடங்கி, மறுநாள் விடியற்காலை 5.30 வரை ஆறு முறை நடக்கும். கடைசித் தரிசனத்தையும் பார்க்க வேண்டும் என்று இருப்பவர்கள் ராத்திரி அங்கேதான் தங்கியாக வேண்டும். சாப்பாட்டுக்குக் கவலையில்லை. 1867-ல் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. படுக்கைதான் பிரச்சினை. இடம் கிடைக்காதவர்கள் துண்டையோ பாயையோ விரித்துத் திறந்தவெளியில் படுத்துவிடுகிறார்கள். தை மாதப் பனி, கொசு, செம்மண் புழுதி மூன்றும் ஒன்றாகச் சேருகிற இடம் அது. இப்போதெல்லாம் ஆன்லைனில் வாங்கிய ஸ்லீப்பிங் பேக்கோடும் மடக்குக் கொசுவலையோடும் வருகிறவர்களைப் பார்க்க முடிகிறது. அவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை.

நேராகவே சொல்லிவிடலாம்: ஆள் படுக்கிற நீளத்துக்கு மூட வேண்டிய இடத்தில் ஜிப்தான் வேண்டும். வெல்க்ரோவுக்கு அங்கே ஒரு சாண் இடம் போதும்.

வெல்க்ரோ நல்ல கண்டுபிடிப்புதான். அதில் சந்தேகமில்லை. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரல் 1941-ல் நாயோடு வேட்டைக்குப் போய்த் திரும்பியபோது, உடையிலும் நாயின் மயிரிலும் முள்காய்கள் ஒட்டியிருப்பதைப் பார்த்து அதை யோசித்தார். நம்மூர் நாயுருவி வேட்டியில் ஒட்டுகிற அதே கதைதான். (ஒட்டிய நாயுருவியைத் திட்டிக்கொண்டே பிய்த்துப் போட்டவர்கள் எத்தனை லட்சம் பேரோ!) ஒரு பக்கம் நுண்ணிய கொக்கிகள், மறுபக்கம் நூல் வளையங்கள். பக்கவாட்டில் இழுத்தால் விடாது. ஓரத்தைத் தூக்கி உரித்தால் உடனே வந்துவிடும்.

சிக்கலே அந்த உரிப்பில்தான் இருக்கிறது. தூங்குகிற ஆள் புரண்டு படுக்கிறார், முழங்காலை மடக்குகிறார். உள்ளேயிருந்து முட்டி மேலே தள்ளும்போது வெல்க்ரோவின் ஓரம் உரிபடுகிறது. நான்கு விரல் இடைவெளி விழுந்தாலும் தூக்கத்தில் தெரியாது. கொசுவுக்குத் தெரியும். யானைக்கால் நோயைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசு ராத்திரியில்தான் கடிக்கும். அந்த நோய் என்ன செய்யும் என்று கடலூர் மாவட்டத்துப் பெரியவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்தது புழுதி. வீட்டு ஜன்னலில் வெல்க்ரோ வைத்துக் கொசுவலை ஒட்டியவர்களுக்கு இது அனுபவப் பாடம். ஒட்டிய புதிதில் வலையைப் பிரிக்கவே முடியாது. தூசியும் பஞ்சும் கொக்கிகளுக்குள் அடைய அடைய, அழுத்தி அழுத்தி வைத்தாலும் மூலையில் தொங்க ஆரம்பித்துவிடும். வீட்டுக்குள்ளேயே இந்தக் கதி என்றால் பெருவெளியில் கேட்கவா வேண்டும்? கம்பளி, சால்வை, தாடி என்று எது கிட்டே வந்தாலும் கொக்கி பிடித்துக்கொள்ளும். அமெரிக்க ராணுவமே கால்சட்டையின் பக்கப் பைகளில் வெல்க்ரோவை வைத்துப் பார்த்துவிட்டு, ஆப்கானிஸ்தான் அனுபவத்துக்குப் பிறகு பட்டனுக்குத் திரும்பியது.

சத்தத்தையும் சொல்ல வேண்டும். டாக்டரிடம் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டுப் பட்டையைப் பிரிக்கும்போது வரும் ‘பர்ர்ர்’ யாருக்கும் தெரியும். அதையே ஆறடி நீளத்துக்கு, நள்ளிரவு 2 மணிக்கு, சுற்றிலும் நூறு பேர் தூங்கும் இடத்தில் கற்பனை செய்து பாருங்கள். ஒன்றுக்குப் போக எழுந்த ஒருவர் ஊரையே எழுப்பிவிடுவார்.

சரி, ஜிப் மட்டும் யோக்கியமா? இல்லை. வெல்க்ரோ மெல்ல மெல்லத்தான் தளரும். ஜிப் நேற்றுவரை நன்றாக இருந்துவிட்டு இன்று திடீரென்று வாய் பிளக்கும். துணியைக் கடித்துக்கொண்டு மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நிற்கும். வெல்க்ரோ கட்சிக்காரர்களின் பலமான வாதமும் இதுதான்: வயதானவர்கள், கை நடுங்குகிறவர்கள், மூட்டுவலிக்காரர்கள் இருட்டில் ஜிப்பின் இழுப்பானைத் தேடித் தடவ வேண்டியிருக்கிறது. அவசரத்தில் எழ முடியாமல் போனால் அது சின்ன விஷயமில்லை. கூட்டத்தில் பாதிப்பேர் பெரியவர்கள் என்னும்போது இதைத் தள்ளிவிட முடியாது.

ஆனால் இதற்கு வழி இருக்கிறது. இழுப்பானில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு வெள்ளை நாடாவைக் கட்டிவிட்டால் இருட்டிலும் கைக்கு அகப்படும். உள்ளேயிருந்தும் வெளியேயிருந்தும் இழுக்க முடிகிற ஜிப்பாகப் பார்த்து வாங்க வேண்டும். மேலும் கீழும் இரண்டு ரன்னர் இருந்தால் இன்னும் நல்லது. கால் பக்கத்தைத் தனியாகத் திறந்துவிட்டுக்கொள்ளலாம். வடலூர்க் குளிர் லடாக் குளிர் அல்ல, உள்ளே வியர்க்கும். கழுத்துக்குக் கீழே, ஜிப் தானாக இறங்காமல் பிடித்துக்கொள்ள ஒரு சின்ன வெல்க்ரோ மடிப்பு இருக்கட்டும். அதற்குமேல் அதற்கு வேலை இல்லை. அப்படியும் விரல் ஒத்துழைக்காத பெரியவர்களுக்கு ஸ்லீப்பிங் பேக்கே வேண்டாம். போர்வையும் தொங்கும் கொசுவலையுமே மேல்.

ஜிப்பிலும் உலோகப் பல் வேண்டாம், கடலோர உப்புக்காற்றில் கறுத்து இறுகிவிடும். நைலான் சுருள் ஜிப்தான் சரி. நடுவில் பிளந்தால்கூட ரன்னரைக் கீழே கொண்டுபோய்த் திரும்ப ஏற்றினால் பெரும்பாலும் சேர்ந்துகொள்ளும். 5, 8 என்று சொல்லும் எண், மூடிய பல்லின் அகலத்தை ஏறக்குறைய மில்லிமீட்டரில் குறிப்பது. படுக்கைக்கு 8 நல்லது. இறுகினால் மெழுகுவத்தியைத் தேய்த்தால் போதும்.

முக்கியமான வித்தியாசம் ரிப்பேரில் இருக்கிறது. வெல்க்ரோ போனால் முழுப் பட்டையையும் பிரித்துப் புதிதாகத் தைக்க வேண்டும். ஜிப்பில் பெரும்பாலும் தேய்வது ரன்னர்தான். பஸ் ஸ்டாண்டு பக்கம் பை தைக்கிறவரிடம் கொடுத்தால் குறட்டால் லேசாக நெருக்கித் தருவார், இல்லையென்றால் வேறு ரன்னர் மாட்டித் தருவார். டீ வடைக் காசுக்குள் வேலை முடிந்துவிடும். தைப்பூசத்துக்கு ஒரு வாரம் முன்பே கொண்டுபோய்க் காட்டிவிடுவது நல்லது. பூசத்தன்று அவரும் வரிசையில் நிற்பார்.